இரண்டு குடித்தனமும் ஒரு ஒயர்லெஸ் கார்டும்

திருப்பூரில் நொய்யல் கரைபுரண்ட நாட்கள் உண்டு, பஞ்சு விலை ஏறி ஊரே தலையில் கைவைத்த நாட்கள் உண்டு. அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்ட நாள் ஒன்று உண்டென்றால், அது 2071 ஆவணியில் தரணீஷின் மண்டைக்குள் ஒயர்லெஸ் கார்டைக் காணோம் என்று பதினேழாவது முறையாக உறுதியான அந்த வியாழக்கிழமைதான். குறைந்தபட்சம் அவர் மனைவி மிருதுளா அப்படித்தான் நினைத்தாள். அவளுடைய கணக்கில் நொய்யல் வெள்ளம் முழங்கால் மட்டம். இது கழுத்து மட்டம்.

தரணீஷ் சோபாவில் சாய்ந்திருந்தார். அவர் காதுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் பர்சானா. தலை ரிப்பேரில் இருபத்தைந்து வருஷ அனுபவம். அவினாசி சாலையில் அவள் கை படாத மண்டையே கிடையாது என்று பேச்சு.

"அண்ணா, இன்னொருக்கா அணைச்சுப் போடறேன். கண்ண மூடுங்க."

கண்ணை மூடினார். தலை சாய்ந்தது. நாற்பது நொடி கழித்து எழுந்தார். எழுந்ததும் புதிதாகப் பிறந்தவர்போல் சுற்றிலும் பார்த்து, "மிருது, காபி போட்டியா?" என்றார்.

ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் அவருக்கு விடிகாலைதான். இது பதினேழாவது காபி.

"கார்டு தெரியுதுங்களா, அண்ணா?"

"எந்தக் கார்டு?"

"சரி, விடுங்க," என்று பர்சானா டார்ச்சை அணைத்தாள்.

மிருதுளா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே முக்கால். நான்கு மணிக்கு நிலா நடை. சோபாவில் உட்கார்ந்தபடியே, நிலாவில் நிற்கும் இரண்டு வாடகை இயந்திரங்களுக்குள் புகுந்து, ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வரலாம். தலைக்குள் ஒயர்லெஸ் இருந்தால் போதும். ஜோடியாக மட்டுமே அனுமதி. நான்கு பத்துக்குள் இருவரும் வரவில்லை என்றால் அடுத்த ஜோடிக்குக் கொடுத்துவிடுவார்கள். திரும்பப் பதிவு செய்தால் ஒன்பது வருஷம் காத்திருப்பு. அவளுக்கு இப்போது அறுபத்தொன்று. எழுபதில் நிலாவில் போய் முட்டிவலித் தைலம் தேய்க்க அவளுக்கு விருப்பமில்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முப்பத்துநான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர்கள் ஒரு இடத்துக்கும் போனதில்லை. தேனிலவுக்கு ஊட்டி என்று கிளம்பியவர்கள் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனிப் போன் வந்து திரும்பினார்கள். அன்று தொடங்கி இருபத்தாறு பயணங்கள் அதேபோல் அடிபட்டன. அவளிடம் இருந்த சூட்கேஸ் ஊரைப் பார்க்காமலேயே மூப்படைந்து, ஓரம் கிழிந்து, காலமானது.

"ஏனுங்க பர்சானா, கார்டு செத்துப்போச்சா?" என்றாள்.

"அதுதானுங்க்கா வேடிக்கை. அண்ணனோட தலையில வீட்டுப் பக்கமாத் தேடினா அப்படியொரு கார்டு பொறக்கவே இல்லீங்கிற மாதிரி இருக்குது. ஆனா காதுக்குப் பின்னால லைட்டு ஜம்முனு எரியுது. கார்டு உசுரோடதான் இருக்குது. யாரோ கையில வச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கிறாங்க."

"யாருங்க?"

"ஆபீஸ்காரருதான்."

சோபாவில் இருந்த தரணீஷ் நிமிர்ந்தார். "அந்தாளா? அவனை எனக்குப் புடிக்காது."

அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. ஒரே கணினிப் பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்களைக் குடிவைக்கும் பழக்கம் முன்னொரு காலத்தில் இருந்தது. பெட்டியை முடுக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். பின்னலாடைக் கம்பெனிகள் அதையே மனிதத் தலைக்குக் கொண்டுவந்தன. வெயிலில் குளிர்ந்து மழையில் சூடாகும் பனியனின் ரகசியம் வெளியே போய்விடக் கூடாதல்லவா? அதனால் தலைக்குள் ஒரு சுவர். கம்பெனி வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தால் ஆபீஸ் பக்கம் விழித்துக்கொள்ளும், வீட்டை மறந்துவிடும். மாலையில் வாசலைத் தாண்டி வெளியே வந்தால் வீட்டுப் பக்கம் விழிக்கும், ஆபீஸை மறந்துவிடும். தரணீஷும் மிருதுளாவும் இருவருமே வெண்முகில் பின்னலாடையில்தான் வேலை பார்த்தார்கள். அவர் உற்பத்தித் திட்டத்தில் அதிகாரி. அவள் சாய ஆய்வகத்தில். காலையில் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், சட்னி சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு போய், வாசலைத் தாண்டியதும் முன்பின் அறியாதவர்களாகப் பிரிந்துபோவார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. முப்பது வருஷம் தினமும் எட்டு மணி நேரம் காணாமல் போனதை அவள் ஒரு குறையாகவே எண்ணியதில்லை. எண்ணுவதற்கு நேரமிருந்ததில்லை.

"அண்ணனோட கடைசி நாளு எப்படி நடந்துச்சு?" என்று கேட்டாள் பர்சானா.

தரணீஷ் முகம் மலர்ந்தது. எட்டு மாதத்துக்கு முந்தைய கதை. "எனக்கு வீட்டுக்கு வந்தப்பறம்தான் தெரியும். ஆனா வந்து எறங்கறப்ப பாக்கோணுமே! ஆளுசர மாலை! கம்பெனி காரு! மேனேஜரு கூடவே வந்து வீட்டுல காபி குடிச்சுட்டுப் போனாரு."

"வாசல்வழியா நடந்து வரலை?"

"மாலையப் போட்டுக்கிட்டு எவனாவது நடப்பானா?"

பர்சானா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இதேதான்! தெனமும் சாயங்காலம் வாசல்ல இருக்கற மெசினுதான் ஆபீஸ்காரரை முழுசா அணைக்கும். கார்டைப் புடுங்கி வீட்டுக்காரரு கையில குடுக்கும். அண்ணன் காருல ஏறி வேற கேட்டுல வந்துட்டாரு. அப்ப ஆபீஸ்காரரு கண்ணு முன்னாடி ரெண்டு பட்டன் வந்திருக்கும். ஒண்ணு, 'போகிறேன்'. இன்னொண்ணு, 'போய்வருகிறேன்'."

"எதை அமுக்கோணும்?"

"போகிறேன் அமுக்கினா முழுசா அணைஞ்சுருவாரு. போய்வருகிறேன்னா அரைத் தூக்கம். நாளைக்கு வருவோமில்லன்னு கார்டைத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுப் படுத்துக்குவாரு. வீட்டுக்காரரு தேடினா எங்க கெடைக்கும்?"

மிருதுளாவுக்குச் சுருக்கென்றது. "கழுத்துல மாலையோட, நல்ல நாளும் அதுவுமா, போறேன்னு வாய்ல வருமா ஒருத்தனுக்கு?"

"வராதுங்க்கா. மாசத்துக்கு நாப்பது ரிடையர்டு தலை பாக்கறேன். நாப்பதும் போய்வருகிறேன்தான். பட்டன் செஞ்சவன் எந்த ஊருக்காரனோ, நம்ம சனத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"எனக்கு மட்டும் கார்டு நல்லாத்தானே இருக்குது? நானும் அங்கதான் ரிடையர்டு ஆனேன்."

"உங்களுக்கு மாலையும் காரும் வந்துச்சுங்களா?"

மிருதுளா யோசித்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், மழை நாள். ஆய்வகக்காரர்களுக்கு அதெல்லாம் கிடையாது. குடையை விரித்துக்கொண்டு எப்போதும்போல் வாசல் வழியாக வந்தாள். "இல்லீங்க."

"அதான். வாசல் மெசினு உங்க ஆபீஸ்காரம்மாவை முழுசா அணைச்சுட்டுது. கார்டு பத்திரம்."

சொல்லிவிட்டுப் பர்சானா பையைத் திறந்தாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மிருதுளாதான் மூலையில் சாத்தியிருந்த குடையைத் திரும்பிப் பார்த்தாள்.

வழி ஒன்றுதான். ஆபீஸ்காரரை எழுப்ப வேண்டும். அவரே மனதாரப் போகிறேன் பட்டனை அமுக்க வேண்டும். வெளியிலிருந்து யாரும் அமுக்க முடியாது.

"அவன் உள்ள வந்துட்டு என்னைய வெளிய வச்சுப் பூட்டிட்டான்னா?" என்றார் தரணீஷ்.

"பூட்ட மாட்டாருங்கண்ணா."

"என்ற செருப்ப அவன் போடக் கூடாது. சொல்லிப்போட்டேன்," என்றபடி அவர் கண்ணை மூடினார்.

பர்சானா காதுக்குப் பின்னால் எதையோ திருகினாள். நாற்பது நொடி. கண் திறந்தது.

முதுகு நிமிர்ந்தது. சட்டைக் காலர் சரியானது. எதிரே நின்ற மிருதுளாவைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், திருப்பூரின் ஒட்டுமொத்த மின்வெட்டையும் அதை வைத்துச் சமாளித்திருக்கலாம்.

"மேடம்! நீங்களா! ரெண்டு வருசம் நாலு மாசம் ஆச்சுங்க. எங்கீங்க போயிட்டீங்க?" அரைத் தூக்கத்தில் கழிந்த எட்டு மாதம் அவர் கணக்கில் இல்லை.

மிருதுளா திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் பிரிட்ஜ்தான் இருந்தது.

"என்னையவா?"

"ஏனுங்க மேடம், பதினோரு மணி டீயை மறந்துட்டீங்களா? பத்தொம்பது வருசம் ஒண்ணாக் குடிச்சோம். நீங்க வராம போன நாள்லருந்து நான் தெனமும் ரெண்டு கப்புதான் எடுத்து வைப்பேன். ஒண்ணு ஆறிப்போகும்."

முப்பத்துநான்கு வருஷத்தில் அவள் கணவன் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொடுத்ததாகச் சரித்திரச் சான்று இல்லை. மிருதுளாவுக்கு முதலில் வந்தது கோபம். யார் இந்த மேடம்? பத்தொன்பது வருஷ டீயாமே? பிறகுதான் அது தானேதான் என்பது உறைத்தது. தன் மீதே பொறாமைப்படும் பாக்கியம் எத்தனை பெண்களுக்கு வாய்க்கும்?

பர்சானா கண்ணால் கடிகாரத்தைக் காட்டினாள். மூன்று பத்து. மிருதுளா அதைப் பார்த்தும் பார்க்காதவளாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் அங்க எப்படிங்க இருப்பேன்? எனக்குக் கொஞ்சம் மறதி."

"நீங்களா?" அவர் சிரித்தார். "ஜி.எம். தும்மறத நீங்க தும்மிக் காட்டினா ஜி.எம்.மே பயந்து மூக்கத் தொடச்சுக்குவாரு. சாயத்துக்கெல்லாம் நீங்கதான் பேரு வைப்பீங்க. திங்கக்கிழமைச் சாம்பல். ஆடிட்டர் மஞ்சள். மாமியாரு செவப்பு. நம்ம பனியன் பட்டியல்ல இன்னும் அந்தப் பேருதானுங்க ஓடுது. பாரீசுல ஒருத்தன் மாமியாரு செவப்புல மூவாயிரம் கேட்டு எழுதியிருந்தான்."

மிருதுளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டில் அவள் யாரைப்போலவும் தும்மிக் காட்டியதில்லை. இத்தனை கெட்டிக்காரி ஒருத்தி தன் உடம்புக்குள் குடியிருந்து, வாடகை பாக்கியில்லாமல் போய்விட்டிருக்கிறாள். ஒருநாள்கூட அறிமுகம் ஆகவில்லை.

"அந்தக் கார்டை எதுக்குங்க இறுக்கிப் புடிச்சிருக்கீங்க?"

அவர் தலையைக் குனிந்தார். "நீங்க சொல்லாம கொள்ளாமப் போயிட்டீங்க. என்னைக்காவது ஒரு சேதி அனுப்புவீங்கன்னு பாத்தேன். வந்தா எடுக்கோணுமில்லீங்க? அதான் கையிலயே வச்சிருந்தேன்." கொஞ்சம் தயங்கி, அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தார். "வீட்டுக்காரரு சௌக்கியமாங்க?"

"இருக்காருங்க."

"நல்லாப் பாத்துக்கறாருங்களா?"

பர்சானாவுக்கு இருமல் வந்தது. மிருதுளா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். இந்த மனிதரிடம் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"ஏனுங்க, நீங்கதான் என்ற வீட்டுக்காரரு."

அவர் தன் லுங்கியைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தார். காதுமடல் சிவந்தது.

"அப்ப நான் உங்களுக்கு டீ எடுத்து வச்சதுல தப்பில்லீங்களே?"

"ஒண்ணும் தப்பில்லீங்க."

"அப்பாடா," என்று மனசாரச் சொன்னார். பிறகு, "அந்த மேடம்?" என்றார்.

"அவங்க வாசல்லயே போயிட்டாங்க. எனக்கு அவங்களத் தெரியாதுங்க. நீங்க சொல்லித்தான் தெரியுது."

"சொல்லாமயே போயிட்டாங்களா?"

"சொல்ல விடலீங்க. சொல்றதுக்கு முன்னாடியே அணைச்சுட்டாங்க."

மேற்கு ஜன்னலில் வெயில் மஞ்சளாகச் சரிந்து தரையில் கிடந்தது. அவர் அதையே பார்த்தார்.

"இது என்னங்க, வெயிலு இப்படிப் படுத்திருக்குது?"

"சாயங்காலமாகப் போகுதில்லீங்க."

"நான் சாயங்காலம் பாத்ததே இல்லீங்க மேடம். காலையில வாசல்ல முழிப்பேன். உள்ள ஜன்னலு கெடையாது. ஆறு மணிக்கு வாசல்ல அணைஞ்சுருவேன். அடுத்த நொடி மறுநாள் காலை. ராத்திரிச் சோறு தின்னதில்ல. தூங்கினதில்ல. ஒரு ஞாயித்துக்கெழமை பாத்ததில்ல. எண்ணிப்பாத்தா எனக்கு முப்பது வருசமும் ஒரே பகலு."

பர்சானா மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, மூணு அம்பது."

அவருக்கு விளங்கிவிட்டது. கெட்டிக்கார மனிதர். "என்னமோ நேரமாகுதுங்களா? என்னால தடையா? அந்தப் பட்டனை அமுக்கிப்போடறேன். மேடத்தைப் பாத்தாச்சு. எனக்கென்னங்க?"

அமுக்கட்டும் என்று சொல்வதற்குத்தான் மிருதுளா வாயைத் திறந்தாள். இருபத்தாறு பயணங்கள் அவள் கண்முன்னால் வரிசையில் நின்று, "சொல்லு, சொல்லு" என்று கைதட்டின. ஆனால் வந்தது வேறு.

"இருங்க. பர்சானா, டிக்கெட்டு யாரு பேருல?"

"ஆளு பேருல இல்லீங்க்கா. கார்டு நம்பருலதான்."

"அப்ப கார்டு யாரு கையில இருக்குதோ அவங்க நடக்கலாமா?"

பர்சானா அவளை உற்றுப் பார்த்தாள். "நடக்கலாம். அண்ணன் பாவமில்லீங்களா?"

"பாதி இவரு, பாதி அவரு. நடுவுல மாத்திக்க முடியுமா?"

"முடியும். ஆனா ரிஸ்க்குங்க்கா. இவரு முழுசா அணைஞ்சு அவரு எந்திரிக்க நாப்பது நொடி. அந்தக் கார்டு அவரு கண்ணுக்குத் தெரியுமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எட்டு மாசமாத் தெரியாத கார்டு. ஒரு நிமிசம் இணைப்பு இல்லீன்னா நிலாவுல மெசினு படுத்துக்கும். ரெண்டு பேரு நடையும் அதோட முடிஞ்சுது. இப்பவே மாத்திப்போட்டா, சரியாகலீன்னாலும் இன்னொருக்கா பாக்க எனக்குப் பத்து நிமிசம் கெடைக்கும்."

மிருதுளா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நடுவுலயே மாத்திக்கலாம். போடுங்க."

கண்ணை மூடினாள்.

திறந்தபோது கால் இரும்பாக இருந்தது. வானம் கருப்பு. சாய ஆய்வகத்தில் எத்தனை குடம் சாயம் கலந்தாலும் வராத கருப்பு. அவர்கள் நின்ற இடத்தில் சூரியன் அடிவானத்தோடு ஒட்டிக்கிடந்தது. நிலாவில் சாயங்காலம் சீக்கிரம் முடிவதில்லை. ஒரு சிறு கல்லுக்குக்கூடத் தென்னைமர நீளத்துக்கு நிழல். அவர்களுடைய இரண்டு நிழல்களும் புறப்பட்டுப் போய், எங்கோ ஒரு குன்றின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

"மேடம்," என்றது பக்கத்து இயந்திரம். "இதுங்களா சாயங்காலம்?"

"இதுதானுங்க. ஊர்ல இவ்வளவு பெருசா இருக்காது."

அவர்கள் நடந்தார்கள். அவர் கேட்டார், அவள் சொன்னாள். வீட்டில் இரவுச் சாப்பாடு என்னவாக இருக்கும், தூக்கம் எப்படி வரும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் எப்படிக் கிடக்கும் என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் நின்று, முழுசாகக் கேட்டு, மறுபடி நடந்தார். ஒருமுறை அவள் வாழ்நாளில் முதல்தடவையாகத் தன் மாமியாரைப்போல் தும்மிக் காட்டினாள். அவர் சிரித்த சிரிப்பில் இரும்புக்கால் மடங்கிப் புழுதியில் உட்கார்ந்துவிட்டார். கைகொடுத்துத் தூக்கினாள். எழுந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை அவர்.

அரை மணி ஆயிற்று.

"பேரு என்னமோ வைப்பீங்களே மேடம். இந்தக் கருப்புக்கு என்ன பேரு வைக்கலாம்?"

அவள் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "நீங்களே வைங்க."

"வேண்டாமுங்க. பேரில்லாமயே இருக்கட்டும்." அவர் சூரியனை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். "அப்ப நான் போறேனுங்க."

பிறந்ததிலிருந்து பழகிய வாய். போயிட்டு வாங்க என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. சொன்னால் இந்த மனிதர் நம்பிவிடுவார். இன்னொரு எட்டு மாதம் இரண்டு கப் டீயோடு இருட்டில் உட்கார்ந்திருப்பார். மிருதுளா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்துப் போங்க," என்றாள்.

இயந்திரத்தின் தலை லேசாகக் குனிந்தது. விளக்கு அணைந்தது.

ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். நிலாவில் காற்றில்லை என்பார்கள். அன்று அவளுக்குத் திருப்பூரிலும் காற்றில்லை. முப்பது. நாற்பது. விளக்கு வரவில்லை. நாற்பத்தைந்தில், எங்கோ நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பர்சானாவின் குரல், "அக்கா, இன்னும் கார்டைத் தேடறாருங்க்கா..." என்றது. ஐம்பது. ஒன்பது வருஷம். ஐம்பத்துமூன்று. எழுபது வயசு. ஐம்பத்தாறு.

விளக்கு எரிந்தது.

"மிருது, காபி..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது. இயந்திரம் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. "அடேங்கப்பா. வந்துட்டமா?"

"வந்துட்டோமுங்க."

"ஏம்புள்ள, என்ற கைய எதுக்கு இந்தப் புடி புடிச்சிருக்கே? நான் விழுந்துருவேனா?"

"நல்லாப் பாருங்க. நீங்கதான் புடிச்சிருக்கீங்க."

தரணீஷ் குனிந்து பார்த்தார். உண்மைதான். அவருடைய மூன்று இரும்பு விரல்கள் அவள் கையைச் சுற்றி மடங்கியிருந்தன. தன் கை தனக்குத் தெரியாமல் இப்படியொரு காரியம் செய்ததை வியப்போடு பார்த்தார். ஆனால் எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் அப்படியே நடந்தார்கள்.

"நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி யாரு கூடப் பேசிட்டிருந்தே? கொரல்ல இன்னும் சிரிப்பு இருக்குது."

"கூட வேலை செஞ்சவருங்க. கெளம்பிட்டாரு."

"நல்ல மனுசனா?"

"நாம சொல்றத நின்னு கேப்பாரு."

தரணீஷ் இரண்டு எட்டு வைத்தார். பிறகு, யாரும் சொல்லாமலேயே நின்றார்.

"அப்படி என்னதான் சொன்னே?" என்றார். "எனக்கும் சொல்லு."